அப்பெல்-ல ரெண்டு எல், அப்லோன்-ல ஒரு எல் ஏன்? (பிரெஞ்சு சந்தேகம்)

சரி, அடுத்த கேள்வி. "ஜு மப்பெல்"னு பேர் சொல்றப்போ ரெண்டு எல் போடுறோம், அதே வெர்பை "நூஸப்லோன்"னு (நாம கூப்பிடுறோம்) சொன்னா ஒரே ஒரு எல் தான், அதுவும் எழுத்தை வச்சு பிரிச்சா அ-ப்பெ-லோன்னு மூணு அசை வருது ஆனா ஆடியோல ரெண்டு தான் கேக்குது, எது சரின்னு கேட்டிருக்காங்க. நல்ல கேள்வி. ரெண்டுமே சரி தான், மூணுங்கிறது பேப்பர்ல வரி மடிக்கிறப்போ பிரிக்கிற கணக்கு, ரெண்டுங்கிறது வாய்ல வர்ற கணக்கு. ஸ்பெல்லிங் ஏன் மாறுதுன்னு புரியணும்னா வாயைத் தான் கவனிக்கணும்.

பிரெஞ்சுல அழுத்தம் எப்பவும் கடைசியா கேக்குற அசை மேல தான் விழும். இப்போ ஜு (நான்), தூ (நீ), இல் (அவன்), பன்மை இல் (அவங்க) இந்த நாலுக்கும் கடைசில எழுதுற எழுத்து வாயில வரவே வராது இல்லையா, அப்போ அழுத்தம் பின்னாடி நகர்ந்து வெர்போட உடம்புல இருக்கிற அந்த சோம்பேறி ஈ (e எழுத்து) மேல விழுது, அதால அதைத் தாங்க முடியாது, உடனே "பெட்"ல வர்ற மாதிரி வாயைத் திறந்த 'எ' ஆயிடுது. அ-பெல். நூ (நாம), வூ (நீங்க) வந்தா "ஓன்", "ஏ"ன்னு விகுதி சத்தமா கேக்கும், அழுத்தத்தை அதுவே வாங்கிக்கும், நடுவுல இருக்கிற ஈ காணாமப் போயிடும். அ-ப்லோன். அவ்ளோ தான் விஷயம்.

இந்த 'எ' சத்தத்தை எழுத்துல காட்ட ரெண்டு வழி. ஒண்ணு மெய்யை டபுள் பண்றது, அப்லே (கூப்பிடு), ஜுதே (தூக்கிப் போடு) ரெண்டும் அப்படித்தான். இன்னொண்ணு ஈ தலைல அக்ஸான் க்ராவ், அதாவது இடது பக்கம் சாஞ்ச சின்னக் கோடு, போடுறது, அஷ்தே (வாங்கு) எடுத்துக்கோங்க, "ஜஷெத்"ல கோடு இருக்கும், "நூஸஷ்தோன்"ல இருக்காது. லுவே (தூக்கு), பெஸே (எடை போடு) எல்லாம் இந்த ரகம். ஈ-க்கு அப்புறம் லே, தேன்னு முடியுற வெர்ப்கள்ல மட்டும் எது எந்த ரகம்னு பழைய ஸ்பெல்லிங்குக்கு மனப்பாடம் பண்ணியே ஆகணும். 1990-ல வந்த எழுத்துத் திருத்தம் இதைக் கொஞ்சம் சுலபமாக்கிச்சு, அப்லே, ஜுதே குடும்பத்தை மட்டும் விட்டுட்டு அந்த மாதிரி முடியுற மத்ததுக்கெல்லாம் கோடு போதும்னுட்டாங்க, பழைய ஸ்பெல்லிங்கும் தப்பு இல்ல.

எதிர்காலத்துல ஏன் நூ-வுக்கும் கோடு வருதுன்னு அடுத்து கேப்பீங்க. "நூஸஷெத்ரோன்". அங்க அந்த எழுத்துக்கு அடுத்த அசைலயும் ஒரு ஊமை ஈ உக்காந்திருக்கு, ரெண்டு ஈயும் அடுத்தடுத்து ஊமையா இருக்க முடியாதுங்க, அதனால முன்னாடி இருக்கிறது வாயைத் திறந்து தான் ஆகணும்.