குறட்டை விடுகிறவருக்கும் நூலகத்தில் இடம் உண்டு

(குமரி மாவட்டம் குலசேகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் நடந்த நூலக வார விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வளரும் தொழில்நுட்பத்தில் நூலகம் வாழுமா, வீழுமா?’ ‘வாழும்’ அணியில் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மழை வருகிற மாதிரி இருக்கிறது, அதனால் மற்ற வணக்கங்களை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனி வளாகத்தில் வேலை பார்க்கிறவர். ஸ்லைடு போடாமல் பத்து நிமிடம் பேசியதற்கே அவருக்கு ஒரு கைதட்டல் கொடுக்கலாம். “இன்னும் பத்து வருஷத்தில் நூலகம் இருக்காது, எல்லாம் செல்போனுக்குள் வந்துவிடும்” என்றார். தம்பி, இந்த ஜோசியத்துக்கு வயது நூறு தாண்டியாயிற்று. பள்ளிக்கூடத்தில் இனிப் புத்தகத்துக்கு வேலை இருக்காது, சினிமாப் படமே பாடம் நடத்திவிடும் என்று 1913-இலேயே எடிசன் சொன்னார். உலகத்துக்கே பல்பு கொடுத்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் தானே பல்பு வாங்கினார். 1978-இல் லங்காஸ்டர் என்ற நூலகவியல் பேராசிரியர், 2000 வாக்கில் காகிதமில்லாச் சமுதாயம் வந்துவிடும் என்று எழுதினார். 2000 வந்தது, போனது. ஆன்லைனில் விண்ணப்பித்ததையே மூன்று பிரதி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிற காலத்தில் நாம் இருக்கிறோம்.

சரி, வெளிநாட்டுக் கதை போகட்டும். நம்ம நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. பேச்சிப்பாறை அணையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் செயற்கை நுண்ணறிவிடம், “நல்ல புத்தகம் நாலு சொல்லு” என்று கேட்டாள். அது ரொம்பத் தாராளம். நாலு கேட்டால் ஐந்து கொடுத்தது. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, எத்தனை பக்கம் என்பது வரை சுத்தமாக இருந்தது. பிள்ளை அதை நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு நம் நூலகர் அண்ணாச்சியிடம் வந்தாள்.

அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. “இருக்கும் மக்ளே, பாப்பம்” என்று ரெஜிஸ்டரைப் புரட்டினார். இல்லை. ஸ்டூல் போட்டு மேல்தட்டில் ஏறினார். பல்லி முட்டை இருந்தது, புத்தகம் இல்லை. நாகர்கோவில் மைய நூலகத்துக்குப் போன் போட்டார். அங்கேயும் இல்லை. ஒரு சாயா குடித்துவிட்டு வந்து முதலாவது அலமாரியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். சாயங்காலம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மக்ளே, மனசு விட்டுராதே. இந்த அஞ்சு புத்தகத்தையும் இன்னும் ஒருத்தரும் எழுதல்லே.”

பொறுங்கள், கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. அந்த ஐந்தாவது புத்தகம் இருக்கிறதே, அதை எழுதியவர் யார் தெரியுமா? பட்டியலை வாங்கி நானே பார்த்தேன். நம் நடுவர் ஐயா! ஐயா, நீங்கள் பேச்சிப்பாறையைப் பற்றி 312 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ராயல்டி வந்ததா? சிரிக்கிறார், அப்படியென்றால் வரவில்லை. வீட்டில் அக்காவுக்காவது சொன்னீர்களா?

பின்னால் குடையோடு நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். நாலு கேட்டது பிள்ளை. அஞ்சு சொன்னது மெஷின். அஞ்சுமே கிடையாது என்று கண்டுபிடித்தது ஸ்டூலில் ஏறி இறங்கிய மனிதர். அடுத்து எந்த வார்த்தை வந்தால் பொருந்தும் என்று கணக்குப் போடுகிற மெஷின் அது. அலமாரியில் அந்தப் புத்தகம் உண்டா என்று அது எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. அணை கட்டி முடித்த 1906-ஆம் ஆண்டைக்கூட, அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து அண்ணாச்சிதான் எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் அந்தச் செல்போன் புத்தகம். காசு கொடுத்து வாங்கினால் அது நம்முடையதா? 2009-இல் அமேசான், கிண்டில் என்ற தன் மின்னூல் கருவிக்கு விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்தது. அங்கே அவற்றை ஏற்றிய பதிப்பாளருக்கு உரிமை இல்லையாம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். நம் அண்ணாச்சி நடுராத்திரி உங்கள் வீட்டில் புகுந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனதுண்டா? வருஷக்கணக்கில் திருப்பிக் கொடுக்காதவரைக் கண்டாலும் “சுகமா?” என்றுதான் கேட்பார்.

சீர்காழி ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகள், 1945-இல் திருவிதாங்கூரில் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலகச் சங்கம், அப்போது நம் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் அந்தச் சமஸ்தானத்தில் இருந்தன, எல்லாம் இந்தத் தாளில் குறித்துக்கொண்டுதான் வந்தேன். தாளை மடித்து வைத்துவிட்டேன். காரணம் தம்பி சொன்ன ஒரு வார்த்தை. “நூலகத்தில் இன்று மிச்சமிருப்பது நாலு பெரியவர்களும் அவர்கள் விடுகிற குறட்டையும்தான்” என்றார். நீங்களும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

குறட்டை விடுகிறவர் யார் தம்பி? ஜன்னல் பக்கத்து நாற்காலிக்காரரைச் சொல்கிறேன். அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்து, பாலெடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்து, அதற்கப்புறம்தான் நூலகத்துக்கு வருகிறார். விரலில் காய்ந்து ஒட்டிய பாலை நூல் நூலாக உரித்தபடியே பேப்பர் படிப்பார். முதலில் ரப்பர் விலை, அடுத்து உலகச் செய்தி. மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். தூங்கட்டுமே! வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர், அவர் காசில் சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே அவர் தூங்குகிறார். உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஒன்றும் வாங்காமல், யாரும் ‘என்ன வேணும்’ என்று கேட்காமல், ஒரு மனிதன் ஒரு மணி நேரம் உட்காருகிற இடம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? ஹோட்டலில் கை கழுவுமுன் பில் வந்துவிடும். பேங்கில் காவலாளி பார்க்கிற பார்வை இருக்கிறதே! கோயிலிலும் நடை சாத்திவிடுவார்கள். எதிர் வரிசையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தக் குறட்டைக்கு நடுவில்தான் படிக்கிறார்கள். அவர்கள் யாராவது புகார் சொன்னார்களா?

நடுவர் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள். ஒரு நிமிடம்.

எனக்கு வேலை இந்த மலையோரத்தில், பிறந்தது தூத்தூர்ப் பக்கம். எங்கள் ஆட்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தம்பி, அன்றைக்கும் சாட்டிலைட் இருந்தது. முன்னறிவிப்பு கரைக்கு வந்தது. முன்னமே கடலில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. கரண்ட் கம்பம் சாய்ந்து, டவர் செத்து, கையில் இருந்த போனெல்லாம் வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்த நாட்கள் அவை.

விழுந்த மரங்களை வெட்டி வழி திறந்த பிறகு பேப்பர் வந்தது. எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், அதுவரை அந்த வாசலை மிதிக்காதவர்களும். லட்சத்தீவில் ஒதுங்கிய படகு, மகாராஷ்டிரத்தில் ஒதுங்கிய படகு, குஜராத்தில் ஒதுங்கிய படகு என்று ஒரு பிள்ளை உரக்க வாசிக்கிறாள். எழுத்துத் தெரியாத என் சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொருக்க படி மக்ளே, விட்டுப் போயிருக்கும்” என்கிறாள். அவள் திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறாள். சித்தி தேடிய பெயர் அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையிலும் சித்தி படிப்பகத்துக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள், நீங்களே சொல்லுங்கள்.

அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிட்டேன். மேடை ஏறுமுன் அண்ணாச்சியிடம் ஒன்று விசாரித்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தம்பி எடுத்துப் போன ஒரு புத்தகம் இன்னும் வரவில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்புறம் ‘வீழும்’ அணியில் பேசட்டும். வணக்கம்.