ஜிம்முக்குப் போய் 11 நாளில் 1.7 கிலோ கூடிவிட்டதா? பயப்படாதீர்கள், அது கொழுப்பு இல்லை!

(காட்சி: அதிகாலை ஐந்தரை மணி. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், நடுவில் மைய மண்டபம். கரையில் நடப்பவர்களின் கால்கள்.)

"தம்பி, மூவாயிரம் ரூபாய கட்டி ஒண்ணே முக்கால் கிலோவ வாங்கிட்டு வந்திருக்கேன்."

போனை எடுத்ததும் எங்கள் மதினி சொன்ன முதல் வார்த்தை இது. அனுப்பானடியில் வீடு. 41 வயது. ஜிம்மில் சேர்ந்து 11 நாள் ஆகியிருந்தது, ஒரு நாள் கூடத் தவறவில்லை. இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்திக்கு மாறியிருந்தார். சேரும்போது 72.4 கிலோ. பதினோராம் நாள் எடை மெஷினில் ஏறினால் 74.1. இறங்கினார், செருப்பை மாட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் கூடச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். "இனிமே அந்தப் பக்கமே போகப்போறதில்ல தம்பி. நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்து வராது."

வணக்கம் மக்களே. மதினி அழுதுவிடுவாரோ என்று இருந்தது எனக்கு. அதனால்தான் இந்த வீடியோ. முதல் மாதத்திலேயே உடற்பயிற்சியை விட்டுவிட்டு, "எனக்கு ஒத்துக்கல" என்று முடிவு கட்டிய ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவருக்கு இதை முதலில் அனுப்பிவிடுங்கள், நீங்கள் பார்ப்பது அப்புறம்.

முதலில் ஒரு கணக்கு. உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேரவேண்டும் என்றால் செலவழித்தது போக சுமார் 7,700 கலோரி மிச்சம் விழ வேண்டும். 1.7 கிலோவுக்கு 13,000 கலோரிக்கு மேல். அதை 11 நாளுக்குப் பிரித்தால் தினம் கிட்டத்தட்ட 1,190. பரோட்டாவில் சொன்னால், மூன்று வேளை வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் நான்கு பரோட்டா, அதுவும் பதினோரு நாள் விடாமல். மதினி சோற்றைக் குறைத்தவர், நான்கு பரோட்டாவை ஏற்றியவர் இல்லை. அப்படியானால் மெஷின் பொய் சொன்னதா? இல்லை. 1.7 கிலோ நிஜமாகவே கூடியிருக்கிறது. கூடியது என்ன என்பதுதான் கேள்வி.

(காட்சி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மூட்டையில் இருந்து கொட்டப்படும் மல்லிகை.)

இதற்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் பூ மார்க்கெட். மதுரை மல்லி என்றால் ஊருக்கே பெருமை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. இதழ் தடிமனாக இருக்கும், காம்பு நீளமாக இருக்கும், வாசம் சீக்கிரம் போகாது. முகூர்த்த நாளில் கிலோ விலை எங்கேயோ போய் நிற்கும். அப்படிப்பட்ட பூவை வாங்குகிறவர் தராசில் வைப்பதற்கு முன்னால் என்ன செய்கிறார் பாருங்கள். மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, அடிப்பூவை அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார். மழை நாளில் பறித்த பூ தண்ணீரையும் சேர்த்து எடை காட்டும். தராசில் வருவது பூவின் எடை மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இதை வீட்டிலும் செய்து பார்த்தேன். கால் கிலோ மல்லிகையை அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். மேலே தண்ணீரைத் தெளித்தேன். சொட்டாமல் இருக்க இரண்டு முறை நன்றாக உதறினேன். மறுபடி வைத்தால் முப்பது கிராமுக்கு மேல் ஏறி நிற்கிறது! ஒரு மொட்டு கூட நான் சேர்க்கவில்லை. அப்புறம் செய்தித்தாளில் பரப்பி ஃபேனைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எண் தானாக இறங்க ஆரம்பித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சாமிக்கு வாங்கின பூவ எதுக்குடா குளிப்பாட்டுற?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் எனக்கு அந்த ஐந்து நிமிஷம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மதினிக்கு நடந்தது அப்படியே இதுதான். பூ அதே பூ, ஏறியது தண்ணீர்.

தண்ணீர் எங்கே ஏறுகிறது? மூன்று இடங்களில்.

முதல் இடம், தசைக்குள் இருக்கும் சர்க்கரைக் கிடங்கு. நாம் சாப்பிடும் இட்லியும் சோறும் சர்க்கரையாக உடைந்து, ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற பெயரில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. இதுவரை சும்மா இருந்த தசைக்கு தினமும் வேலை கொடுத்தால், "இனி நாளைக்கும் வேலை இருக்கும்" என்று அது கிடங்கைப் பெரிதாக்கிக்கொள்கிறது. இந்தக் கிளைக்கோஜன் தனியாக உட்காராது. ஒரு கிராமுக்குக் குறைந்தது மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்காரும், உளுந்து ஊறுகிற மாதிரி. கிடங்கில் 200 கிராம் கூடினால் தண்ணீரோடு சேர்த்து 800 கிராம். மதினியின் கணக்கில் கிட்டத்தட்ட பாதி இங்கேயே வந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோற்றை முழுவதும் நிறுத்துகிறவர்களுக்கு முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று வருகிறதே, அதிலும் பெரும்பகுதி இதே கிடங்கு காலியானதுதான். ஏறினாலும் தண்ணீர், இறங்கினாலும் தண்ணீர். "ஏழே நாளில் ஐந்து கிலோ" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்று எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

இரண்டாவது இடம், வலிக்கிற இடம். திருப்பரங்குன்றம் மலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் காலையில் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது பெரும்பாலும் இறங்கியதுதான். இறங்கும்போது தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அப்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். அதைச் சரிசெய்ய உடம்பு அந்த இடத்துக்கு நீரையும் செல்களையும் அனுப்புகிறது, லேசாக வீங்குகிறது. வலி 24 மணி நேரத்தில் இருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். லாக்டிக் ஆசிட் தேங்கியதால் வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். பயிற்சியை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்தில் இருந்து பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது. இரண்டாம் நாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது.

மூன்றாவது இடம் ரத்தம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். தொடர்ந்து பயிற்சி செய்ய ஆரம்பித்ததும் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உடம்பு கூட்ட ஆரம்பிக்கிறது. 10 முதல் 20 சதவீதம் வரை கூடும். பெரியவர்களுக்கு சுமார் மூன்று லிட்டர் பிளாஸ்மா என்று வைத்தால் 300 முதல் 600 மில்லி. எதற்காக? வியர்வைக்கும் வேண்டும், தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் போகவும் வேண்டும். மதுரை வெயிலுக்கு உங்கள் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது! சிவப்பணுக்கள் பின்னாலேயே கூடும், ஆனால் அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கொஞ்சம் நீர்த்துப்போய் குறைவாகத் தெரியக்கூடும்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்ட மறுநாள் எடை கூடுவதும் உப்பு பிடித்து வைக்கும் தண்ணீர்தான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கூடுவதும் அதே. இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள்.

"கொழுப்பு தசையா மாறிடுச்சு, அதான் எடை" என்று ஜிம்மில் ஆறுதல் சொல்வார்கள். கொழுப்பு தசையாக மாறாது, இரண்டும் வேறு வேறு திசு. தசை வளர்வதும் மெதுவாகத்தான் நடக்கும், பதினோரு நாளில் ஒன்றரை கிலோ எல்லாம் நடக்காது.

(காட்சி: தெப்பக்குளம் கரை, டீக்கடை. எண்ணெய்ச் சட்டியில் வடை.)

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட முடியாது.

இந்தக் குளம் திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். நான்கு சுற்று நடந்தால் ஐந்து கிலோமீட்டரைத் தொடலாம். 70 கிலோ எடை உள்ளவருக்கு அதில் செலவாவது சுமார் 250 கலோரி. ஒரு மணி நேர உழைப்பு. அது முடிந்ததும் கால் தானாகப் போய் நிற்கிற இடம் எது? டீக்கடை. இரண்டு உளுந்த வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் உள்ளே போனால் நடந்த கணக்கு முடிந்தது, மேலே கொஞ்சம் பாக்கியும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜிகர்தண்டா வேறு. பால், பாசந்தி, ஐஸ்கிரீம், நன்னாரி சர்பத் எல்லாம் சேர்ந்த ஒரு தம்ளருக்கு நான்கு சுற்று போதாது.

வடையைத் திட்ட எனக்கு மனசு வராது. அந்த டீக்கடைப் பேச்சுக்காகவே எழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சு இல்லாவிட்டால் நடையும் நின்றுவிடும். என் யோசனை ஒன்றுதான்: டீயும் பேச்சும் தினமும் இருக்கட்டும், வடை வாரத்துக்கு ஒரு நாள் இருக்கட்டும். இன்னொன்று, நடந்துவிட்டோம் என்ற தைரியத்தில் மதியம் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போகும், சாயங்காலம் உட்கார்ந்தே பொழுது போகும். நமக்கே தெரியாமல் நடக்கிற காரியம் இது. ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டதை எல்லாம் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தயவுசெய்து இந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? முகம் வீங்குகிறதா? படுத்தால் மூச்சுத் திணறுகிறதா? உடனே டாக்டரைப் பாருங்கள். இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நான் மேலே சொன்ன தண்ணீர்க் கதை இல்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ காபி நிறத்திலோ போனால் அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டு குறைவும், ஸ்டீராய்டு, இன்சுலின் போன்ற மருந்துகளும் எடையைக் கூட்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மதினிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மல்லிகை வீடியோவை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து மறுபடி போக ஆரம்பித்தார், ஒரு நிபந்தனையோடு: தினமும் மெஷினில் ஏறக்கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள், காலையில் எழுந்து கழிவறை போய் வந்ததும், வெறும் வயிற்றில், அதே நைட்டியில். ஒரு நாளுக்குள்ளேயே எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும் என்பதால் அன்றைய எண்ணுக்கு மதிப்பு கொடுக்க வேண்டாம், நான்கு வாரப் போக்கைப் பார்த்தால் போதும் என்று சொன்னேன். இடுப்பை இஞ்ச் டேப்பால் அளக்கச் சொன்னேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில். நம் ஊர்க்காரர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

டேப்பை மதினி தேடவே இல்லை. அவரிடம் இருந்தது பாவாடை நாடா. முடிச்சு விழுகிற இடத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

(காட்சி: பழுப்பேறிய வெள்ளை நாடா, அதில் நீலப் புள்ளி.)

ஆறு வாரம் ஆகிறது. நேற்று மெஷின் காட்டியது 71.9. சேர்ந்த நாளில் இருந்து குறைந்தது அரை கிலோதான். ஆனால் அந்தப் புள்ளி இப்போது முடிச்சைத் தாண்டி இரண்டு விரல் தள்ளித் தொங்குகிறது. வீட்டுக்குப் போனதும் அதைத்தான் எடுத்துக் காட்டினார். "இத போட்டோ எடு தம்பி, மெஷின எடுக்காத."

உங்கள் ஊரில் நடை முடிந்ததும் கால் போய் நிற்கிற கடையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். பருத்திப்பாலா, பணியாரமா, கம்பங்கூழா? அதிகம் பேர் சொல்வதை அடுத்த வீடியோவில் அம்மாவின் தராசில் வைக்கிறேன்.