மாதாவுக்கு ஆர் பதவி கொடுத்தது?

வணக்கம் நேயர்களே. அண்மையில் கோவிலில் கொடியேறிய அன்று, பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலில் சாய்ந்து நின்றபடி கேட்டான்: "மாமா, கோணேசர் எங்கட திருகோணமலையிலயே இருக்கிறவர். உங்கட மாதாவை முழு நாட்டுக்கும் பாதுகாவலி ஆக்கினது ஆர்? பாப்பரசரோ?"

இல்லை என்றேன். பாப்பரசர் கடைசியில் முத்திரை குத்துகிறவர். தெரிவு கீழேயிருந்து வரவேண்டும். 1630இல் உரோமை போட்ட விதிப்படி, புனிதர் பட்டம் பெற்ற ஒருவரை மக்கள் இரகசிய வாக்கில் தெரிவுசெய்ய வேண்டும். ஆயரும் குருக்களும் சம்மதிக்க வேண்டும். பிறகுதான் உரோமை உறுதிசெய்யும். 1973இல் விதிகளைப் புதுப்பித்தார்கள். மக்கள், ஆயர், உரோமை என்ற வரிசை அப்படியே இருக்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? ஸ்பெயினில் நடந்த சண்டையைப் பாருங்கள். இயேசுவின் சீடர் யாக்கோபு அங்கே பழைய பாதுகாவலர். 1617இல் நாட்டுச் சபை அவிலா தெரேசா என்ற கன்னியாஸ்திரியையும் அவருக்குப் பக்கத்தில் அமர்த்தியது. அப்போது தெரேசாவுக்குப் புனிதர் பட்டமே கிடைக்கவில்லை! 1627இல் பாப்பரசர் எட்டாம் ஊர்பன் சம்மதித்தார். யாக்கோபுவின் ஆட்கள் விடுவார்களா? எதிர்ப்பு முற்ற, பாப்பரசரே சம்மதத்தை மீளப் பெற்றார். நம் ஊரில் திருவிழா உபயத்துக்கு நடக்கும் இழுபறியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

போர்த்துக்கலில் 1646இல் அரசன் நான்காம் யோவான் மாதாவை நாட்டின் பாதுகாவலியாக்கி, தன் முடியையே அவளுக்குக் கொடுத்துவிட்டான். பிறகு வந்த அரசர் எவரும் முடி சூடவில்லை. கோணேசர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர்தான். அதற்குள் அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது.

ஆனால் பெரும்பாலும் பயம்தான் மக்களை இந்த வாசலுக்குக் கொண்டுவருகிறது. 1737இல் கொள்ளைநோயில் மெக்சிக்கோ நகரம் செத்துக்கொண்டிருந்தபோது குவாதலூப்பே மாதாவைப் பாதுகாவலியாக ஏற்றுச் சத்தியம் செய்தார்கள். மற்ற ஊர்களும் சேர்ந்து, நாடு முழுவதற்கும் என்றானது 1746இல். உரோமையின் உறுதி 1754இல். நோய் போய்ப் பதினேழு வருடம்! கியூபாவில் மாதாவைப் பாதுகாவலியாகக் கேட்டவர்கள் சுதந்திரப் போரில் சண்டையிட்ட பழைய போர்வீரர்கள். 1915இல் மனு எழுதினார்கள், மறுவருடம் கிடைத்தது.

நம் கதையும் நேர்த்தியில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நாடு அழிவிலிருந்து தப்பினால் மாதாவுக்குக் கோவில் கட்டுவதாகக் கொழும்புப் பேராயர் மசோன் ஆண்டகை நேர்ந்தார். அதுதான் ராகமைக்குப் பக்கத்தில் தேவத்தையில் இருக்கும் இலங்கை மாதா பசிலிக்கா. 1974இல் அபிஷேகம் செய்தார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெடியன் சொன்னான்: "அப்ப மாமா, 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்டவனெல்லோ? சீனன்குடா எண்ணெய்க் குதம் எரிஞ்சதெண்டு அம்மப்பா சொல்லுவார்."

அதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது. நான் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.