வெள்ளவத்தையில் வெள்ளை எதுவும் இல்லை

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் நாம் இருக்கும் இந்த வெள்ளவத்தையின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், 'வத்த' என்றால் தோட்டம். மணல் தோட்டம், அவ்வளவுதான். நாங்கள்தான் அதில் வெள்ளையைப் பூசிவிட்டோம்.

குட்டி யாழ்ப்பாணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அதில் பொய் இல்லை; காலையில் சந்தைப் பக்கம் போனால் முருங்கைக்காய்க் கட்டும் பனங்கிழங்கும் கிடக்கும், "ஊரிலயிருந்து இரவு பஸ்ஸில வந்தது அக்கா" என்று கடைக்காரத் தம்பி சத்தியம் செய்வான். ஆனால் ஒழுங்கைகளின் பெயரைப் பாருங்கள்: சார்ளிமென்ட், கொலிங்வுட், ஃபிரெட்ரிக்கா. இதில் எந்தப் பெயர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது?

எனக்குப் பிடித்த கதை ஆலையின் கதை. ஹவ்லொக் வீதிப் பக்கம் ஒரு பெரிய நூற்பு நெசவு ஆலை இருந்தது, மலையாளிகளும் சிங்களவரும் அங்கே ஒன்றாக வேலை செய்தார்கள். 1933இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அன்றைக்கு நாட்டின் பெரிய தொழிற்சங்கத் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க அதற்கு எதிராக நின்றார். தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள். இரண்டு வருஷத்தில், 1935இல், அந்த இளைஞர்கள் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்த நாட்டு இடதுசாரி அரசியலின் ஒரு வேர் நம்முடைய ஆலை வாசலில் இருக்கிறது, நாம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. அந்தக் காணியில் இப்போது ஹவ்லொக் சிட்டி என்ற தொடர்மாடி, கடைத்தொகுதி வளாகம் நிற்கிறது. போன மாதம் மகளுக்கு அங்கே ஒரு சட்டை வாங்கினேன், விலையைக் கேட்காதீர்கள்.

கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் வந்தது. அப்புறம் 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, இந்த மண்டபத்திலேயே அன்று கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்கள் இருப்பீர்கள். போனவர்கள் போக, போர் வடக்கிலிருந்து இன்னும் நிறையப் பேரைக் கொண்டுவந்து சேர்த்தது. தனிவீடுகள் தொடர்மாடிகளாயின, லொட்ஜ்கள் நிரம்பின. 2007 ஜூனில் அந்த லொட்ஜ்களிலிருந்து தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நின்றது.

ஆனாலும் பாருங்கள், என் மாமி இங்கே நாற்பது வருஷமாக இருக்கிறா. எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் "சங்கானை" என்று யாழ்ப்பாணத்து ஊரைத்தான் சொல்லுவா. தொடர்மாடி பல்கனியில் கறிவேப்பிலை மரம் வைத்திருக்கிறா, பெயின்ட் வாளியில்.