கடனே என்று ஒரு பூசை

(வடசென்னைக் கத்தோலிக்க ஆலயப் பங்கு ஒன்றின் திருவிழாவை ஒட்டிய ஒன்பது நாள் நவநாள் வழிபாட்டில் பேசியது)

பங்குத்தந்தை அவர்களே, உதவிப் பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவைத் துணைத்தலைவர் அவர்களே, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, வானத்தைப் பார்த்துக்கொண்டே மைக்செட் கட்டிய தம்பிகளே, வணக்கம். முக்கியமாக, பீடச்சிறுவர்களே! போன வருடம் இவர்களை விட்டுவிட்டு, இவர்களுடைய அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்று மூன்று விஷயம்: ஞாயிறுதோறும் நமக்குக் கடனான பூசை, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம், ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் ஒருசந்தி.

என் பாட்டி அடிக்கடி சொல்வார், "கூலிக்கு மாரடிக்காதே." கூலிக்கு அழுபவரின் கண் பாடையில் இருக்காது, காசு கொடுப்பவர் கையில் இருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம், பாஸ்கா, அதாவது ஈஸ்டர், காலத்திலாவது நற்கருணை என்று 1215ல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் வகுத்தது. 'ஒரு முறையாவது' என்றுதான் சொன்னார்கள். நாம் 'ஆவது'வை விழுங்கிவிட்டு ஒரு முறையை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒருசந்தியும் அப்படித்தான். சாம்பல் புதன், பெரிய வெள்ளி, இரண்டே நாள், அதுவும் 18லிருந்து 59 வயது வரை. ஐம்பத்தொன்பது எப்போது வரும் என்று காத்திருக்கும் நண்பர் எனக்கு உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் பூசை தொடங்கிய பிறகு நற்செய்தி வாசிப்புக்கு வந்து, நற்கருணை வாங்கியதும் முடியும் முன்பே வண்டியை எடுக்கிற ஆள். பூசை முழுக்க வேப்பமரத்தடிதான். ஒரு ஞாயிறு யாரோ புண்ணியவான் என் வண்டிக்குக் குறுக்கே தன் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அறிவிப்பு வரைக்கும் நின்றேன். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் ஓர் ஆயா, நடக்க முடியாது, பூசைக்கு வர ஆசைப்படுகிறார், யாராவது உதவுங்கள் என்றார் சாமியார். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு ஏழரைப் பூசைக்கு ஏழு மணிக்குப் போனோம். ஆயா ஐந்து மணியிலிருந்தே புடவை கட்டி, ஜெபமாலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஏம்பா இவ்ளோ லேட்டு?" பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். இறங்கும்போது எங்களுக்கு மூச்சு வாங்குகிறது, அவர் மேலே உட்கார்ந்து மாதா பாட்டுப் பாடுகிறார்! பூசை முடிந்தும் கிளம்பவில்லை. அந்தோணியார், சூசையப்பர், செபஸ்தியார் என்று ஒவ்வொரு சுரூபத்திடமும் குடும்பக் கதை சொன்னார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நடக்க முடியாத அவருக்கு ஞாயிறு கடனே கிடையாது. திருச்சபை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கடன் உள்ள நான்தான் வேப்பமரத்தடியில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு மாரடித்தது யார்?

பாவசங்கீர்த்தனம் பற்றிப் பேச நேரமில்லை, துணைத்தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். இப்படி மாடியில் காத்திருப்பவர்கள் நம் பங்கில் நிறைய. பங்கின் சிறு குழுவான ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு நாற்காலி, தூக்க நாலு பேர், ஓர் ஆட்டோ. நாற்காலி நான் வாங்கித் தருகிறேன். பெயர் கொடுக்க வாசலில் நோட்டு வைத்திருக்கிறது.

கூலிக்கு மாரடிக்கிறவர்கள் இப்போதே நழுவலாம் என்று நினைக்க வேண்டாம். என் வண்டியை கேட்டுக்குக் குறுக்கேதான் நிறுத்தியிருக்கிறேன்.