விதைநெல்லு உலைக்குப் போகக் கூடாதுங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு விதை பத்தி மட்டும்தான் பேசப்போறேன். பருவநிலை மாற்றம்னதும் நமக்கு பனிமலை உருகறதுதான் ஞாபகம் வருது, ஆனா கொஞ்சூண்டு நிலம் வச்சிருக்கவங்களுக்கு அது எப்படி வருதுன்னா, விதைச்ச பிறகு மழை இல்ல, அறுக்கப்போற நேரத்துல கொட்டித் தீர்க்குது. அவங்க விக்கறதும் அந்த வயல்லேருந்துதான், சாப்பிடறதும் அதுலேருந்துதான், அதனால ஒரு போகம் போச்சுன்னா முதல்ல கடன், அப்புறம் ஆடு மாடு போகும், கடைசில எடுத்து வச்ச விதைநெல்லே உலைக்குப் போயிடும். அடுத்த தடவை நல்லா மழை பெஞ்சாலும் போடறதுக்கு விதை இருக்காது, அதுதான் எனக்குத் தாங்கல.

உலகத்துல நூத்துக்கு 80 பண்ணைக்கு மேல 2 ஹெக்டேருக்குக் கீழதாங்க, உலக உணவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அங்கேருந்துதான் வருது.

சப்1 நெல்லு, அதாவது வெள்ளத்துல மூழ்கினாலும் தாங்கற நெல்லு பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா? சாதாரண நெல்லுப் பயிர் முழுசா மூழ்கிட்டா எப்படியாவது மேல வரணும்னு விறுவிறுன்னு நீளும், இருக்கற தெம்பெல்லாம் அதுலயே தீர்ந்து தண்ணி வடிஞ்சதும் துவண்டு விழுந்துரும். ஒடிசாவோட பழைய ரகம் எஃப்ஆர்13ஏ அப்படி நீளாது, மூச்சைப் பிடிச்ச மாதிரி அடங்கிக் கிடந்து தண்ணி வடிஞ்சப்புறம் துளிர் விடும். அதுக்குக் காரணமான ஜீன் எதுன்னு 2006ல தெரிஞ்சுது, அந்த குணத்தை கலப்பு பண்ணியே ஸ்வர்ணா ரகத்துல கொண்டு வந்து 2009ல இந்தியாவுல வெளியிட்டாங்க, ரெண்டு வாரம் வரைக்கும் மூழ்கினாலும் தாங்கும். பழகுன ரகத்தை விடச் சொல்லாம அதுக்கே தெம்பு குடுத்தாங்க பாருங்க, உதவின்னா இப்படி இருக்கணும்.

ஆனா எவ்ளோ நல்ல விதையா இருந்தாலும் விதைப்பு நாள் தாண்டி வந்தா என்னங்க பிரயோஜனம்? அதனாலதான் ஊருக்குள்ளயே விதை வங்கி வேணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன், இப்ப வாங்கிட்டுப் போயி போடு, அறுத்ததும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் குடு, அவ்ளோதான். அங்க பெரிய எதிரி ஈரம். ஈரத்தோட மூட்டை கட்டினா பூஞ்சை பிடிக்கும், முளைப்பு போயிடும்.

ஈரத்தை அளக்கற மெஷின் இல்லாதவங்களுக்கு இதோ இந்த கண்ணாடி பாட்டில். நல்லா காஞ்சிருக்கணும், கால்வாசி நெல்லு, ரெண்டு மூணு ஸ்பூன் காஞ்ச உப்பு, மூடி போட்டு ஒரு நிமிஷம் குலுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க. உப்பு கண்ணாடில ஒட்டாம கீழ விழுந்தா ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழ வந்துருச்சு, விதைக்கு அதுக்கப்புறமும் 12, 13 வரைக்கும் காயணும். இப்ப கிட்ட காட்டறேன் பாருங்க, ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கு தெரியுதா? இன்னும் காயல. உச்சி வெயில் சுடுற தரையில போட்டுராதீங்க, முளை செத்துரும், காலையிலயும் சாயங்காலமும் மெல்லிசா பரப்பிக் கிளறி விடணும். நான் இதை மறுபடி காயப் போடறேன், ரெண்டு நாள் கழிச்சு இதே பாட்டில்ல குலுக்கிப் பாத்துடலாம்.