ரங்கூன் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் கார் இருக்கை எது?

வணக்கம். இன்று வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு பேசுகிறேன். ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். கறுப்பு மேற்பூச்சு மெல்லிய செதில்களாக உரிந்து, அடியிலிருக்கும் வெள்ளைத் துணி தெரிகிறது. விரலால் லேசாகத் தடவினாலே செதில் கையோடு வந்துவிடுகிறது. இதைத் தோல் என்று சொல்லித்தான் ஒரு கடையில் எனக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம்கூட முழுதாகத் தாங்கவில்லை. இந்த ஏமாற்றம் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்தக் காணொளி.

கடைகளில் செயற்கைத் தோல் என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பி.வி.சி.யால் ஆன ரெக்சின். மற்றொன்று, துணியின்மேல் பாலியூரிதேன் பூசியது. தொட்டுப் பார்த்தால் இரண்டாவதுதான் மிருதுவாக, அசல் தோலைப் போலவே இருக்கும். அதனால் மனம் அதன் பக்கமே போகும். ஆனால் மலிவான பாலியூரிதேன் பூச்சைக் காற்றிலுள்ள ஈரமே உடைத்துவிடுகிறது. நீராவி உள்ளே புகுந்து அதன் வேதிப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்க, வெப்பம் அந்த வேலையை விரைவுபடுத்த, ஒரு கட்டத்தில் பூச்சு முழுவதும் உதிரத் தொடங்குகிறது. உதிரத் தொடங்கிய பிறகு எந்தக் களிம்பாலும் அதை மீட்க முடியாது. ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை கொட்டித் தீர்க்கிறது. ஆகவே ஏப்ரல் மாத வெயிலை மட்டும் மனத்தில் வைத்துச் சீட் கவர் வாங்குகிறவர், ஜூலை மாத ஈரத்திடம் தோற்றுப் போகிறார்.

வெயிலின் கொடுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மியன்மாரின் மகுவே பகுதியிலுள்ள சௌக் நகரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியையும், இருக்கைகள் 51 டிகிரியையும் எட்டின. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி வெந்த ரெக்சின்மேல் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரெக்சினுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மங்கலான படலத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பொருள் குறையக் குறைய ரெக்சின் விறைத்து, தையல் ஓரங்களில் வெடிக்கிறது. இருந்தாலும், ஈரத்தைப் பொறுத்தவரை நல்ல ரெக்சின் பாலியூரிதேனைவிட நெடுநாள் உழைக்கும். முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி நிற மறைப்பு வைத்தால் அதன் ஆயுள் இன்னும் கூடும்.

அசல் தோலைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கார்களில் வரும் தோலில் பெரும்பாலானவற்றின்மேல் நிறமும் பாதுகாப்புப் பூச்சும் இருக்கும். நாம் தேய்க்கும் எண்ணெய் அதைத் தாண்டி ஆழமாக இறங்குவதில்லை. என் அம்மா அன்போடு அப்பாவின் காரில் தேங்காய் எண்ணெய் பூசிவைத்தார்கள். அந்த மழைக்காலத்தில் இருக்கை முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சணம் பூத்தது. எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் தூசியும்தான் அதற்கு உணவாயின. தோலுக்கு மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். துடைத்த உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும்.

நம் ஊருக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது, வெளிர் நிறத்தில் நெய்த பாலியஸ்டர் துணி உறைதான். அது தொடையைச் சுடாது, காற்றை விடும், கழற்றித் துவைத்தால் சீக்கிரம் காயும். ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ் போன்ற கார்களில் இருக்கும் துணி இருக்கையை மட்டமானது என்று எண்ணி மூடி மறைக்கிறோம். அப்படி மூடத் தேவையில்லை என்பது என் கருத்து. கறை தெரியும் என்பது உண்மைதான். கன்னத்தில் பூசும் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து இருக்கையின் சாய்வில் ஒட்டினால், ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் அந்த மஞ்சள் மாவு இழைகளுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி உதிர்த்தாலே போய்விடும். வெற்றிலைச் சாறு சிந்தினால் மட்டும் உடனே குளிர்ந்த நீரால் ஒற்றியெடுங்கள். அந்தச் சிவப்புக்குச் சுண்ணாம்பின் காரத்தன்மையே துணை என்பதால், வினிகர் கலந்த நீர் அதைக் குறைக்கும். மறைவான ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தண்ணீர்த் திருவிழா நாட்களில் திறந்த சன்னல் வழியாக ஒரு வாளி தண்ணீர் உள்ளே விழுந்தால், உறையைவிட அதன் அடியிலுள்ள ஸ்பாஞ்சுதான் கவலைக்குரியது. மேல்துணி ஒரே மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஸ்பாஞ்சு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்ததும் புளித்த வாடை வீசும். காய்ந்த துண்டை விரித்து அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துண்டு நனைந்ததும் வேறொன்றை மாற்றுங்கள். துண்டில் ஈரம் ஏறாத நிலை வந்த பிறகு, கதவுகளைத் திறந்து மின்விசிறியை நேராக இருக்கையை நோக்கி வையுங்கள். மழை மாதங்களில் நனைந்த குடையை இருக்கையில் போடாமல் ரப்பர் விரிப்பில் வைக்கும் பழக்கமும் இதே காரணத்துக்காகத்தான்.

உறை தைக்கக் கொடுக்குமுன், இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சிறிய பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்ட உறையோ, அந்த இடத்தில் மட்டும் எளிதாகப் பிரியும் தையல் போட்ட உறையோதான் வேண்டும். கெட்டித் தையல் போட்டு மூடினால், விபத்தின்போது காற்றுப்பை சரியாக விரியாமல் போகலாம். இதில் கடைக்காரர் சொல்வதற்கு வளைந்துகொடுக்காதீர்கள்.

மாந்தளே நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் மழை எங்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவே பெய்கிறது. ஆகவே பூஞ்சணத்தைவிட வெயிலில் காய்ந்து வெடிப்பதே உங்களுக்குப் பெரிய தொல்லை. நல்ல தோலோ ரெக்சினோ உங்களுக்குச் சரிப்படும், ஆனால் நிறம் கறுப்பாக வேண்டாம். குழந்தையை உட்காரவைக்குமுன் பெல்ட்டின் உலோகக் கொக்கியை உங்கள் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.